பாலக்கரை 104

அளவுக் குடுவையை ஐந்தாவது முறையாக நிரப்பி, இருபதாவது கோட்டைக் கண்மட்டத்தில் வைத்துப் பார்த்தாள் லூர்துராணி. மழைமானிக்குள் இன்னும் தண்ணீர் மிச்சமிருந்தது. ஆறாவது முறை நாலு. ஆக மொத்தம் நூற்றி நாலு மில்லிமீட்டர். "மாதாவே!" என்று மொட்டை மாடியில் தனியாக நின்று சத்தமாகவே சொன்னாள். மணி காலை எட்டரை. நேற்று எட்டரையிலிருந்து இன்று எட்டரை வரை விழுந்ததுதான் கணக்கு. ஐந்து நிமிஷம் முன்னே பின்னே போனால்கூட அவளுக்கு ஆகாது. நோட்டில் எழுதினாள். குடுவைத் தண்ணீரை வழக்கம்போலக் கறிவேப்பிலைத் தொட்டியில் கவிழ்த்தாள். வாட்ஸப் குழுவில் 'பாலக்கரை 104' என்று போட்டுவிட்டு, ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டதே என்று கீழே ஓடினாள்.

குழுவில் எண்பது பேர். துறையூர், சமயபுரம், திருவெள்ளறை என்று ஊருக்கு ஒருவர் மாடியில் மழைமானி வைத்திருக்கிறார்கள். நூறு தாண்டினால் சதம். துறையூரில் டயர் கடை வைத்திருக்கும் கியாசுதீன் பாய் இரண்டு சதம் போட்டுவிட்டார். பாலக்கரைக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை. பொன்மலையில் கொட்டு கொட்டென்று கொட்டும், இங்கே கோலம் போடத் தெளிப்பதுபோல் தெளித்துவிட்டுப் போய்விடும். ஒரு கோடையில் அறுபத்தொரு நாள் தொடர்ந்து '0' என்று போட்டிருக்கிறாள். "பெய்யாத மழைக்கு எதுக்கு தெனமும் மாடி ஏறுற?" என்பார் அவள் கணவர் சவரிமுத்து. பூஜ்யமும் ஓர் அளவுதான் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். ஏழு வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் நோட்டில் காலிக் கட்டம் கிடையாது. அம்மாவின் அடக்கத்தன்றுகூட ஏறிப் பார்த்துவிட்டுத்தான் கல்லறைக்குப் போனாள்.

பஸ்ஸில் உட்கார்ந்து போனைத் திறந்தால் வளவனின் பட்டியல் வந்திருந்தது. வளவன்தான் குழுவின் அட்மின், ஸ்ரீரங்கத்துக்காரன். அவன் மாடியில் இருப்பது தானியங்கிக் கருவி. நம்பர் தானாக இணையத்துக்குப் போய்விடும், பிள்ளையாண்டான் படியேற வேண்டியதே இல்லை. பட்டியலில் ஸ்ரீரங்கம் 41. சமயபுரம் 36. அதற்குக் கீழே, பாலக்கரை 104(?).

அந்தக் கேள்விக்குறியைப் பார்த்ததும் அவளுக்கு உச்சந்தலை சூடேறிவிட்டது. பின்னாலேயே அவன் குரல் பதிவு வந்தது. "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. சுத்துவட்டாரத்துல யாருக்கும் அம்பதே தாண்டல. உங்களுக்கு மட்டும் நூத்திநாலுன்னா இடிக்குது. போட்டோ இருக்கா?"

போட்டோவாம்! இருபத்தாறு வருஷமாக வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து, பிள்ளைகளுக்குக் குடுவையில் எந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும் என்று கற்றுக்கொடுப்பவளிடம் போட்டோ கேட்கிறான். பூஜ்யம் போட்ட நாளெல்லாம் எவனாவது போட்டோ கேட்டானா? தண்ணீரையோ கறிவேப்பிலை குடித்துவிட்டது.

ஸ்கூலில் நுழைந்தால் அங்கே வேறு தொல்லை. வாட்ச்மேனிலிருந்து தமிழ் மிஸ் வரைக்கும் ஒரே கேள்வி. "ராணி மிஸ், நாளைக்கு மழ இருக்கா? லீவு விடுவாங்களா?"

"நான் பேஞ்சத அளக்குறவ மிஸ். பெய்யப் போறதச் சொல்றவ இல்ல. எத்தன வாட்டி சொல்றது?" என்று எரிந்து விழுந்தாள். தமிழ் மிஸ் முகம் சுண்டிப்போய்விட்டது. அதற்காக வேறு மதியம் வரை மனசு உறுத்தியது.

குழுவில் அதற்குள் விசாரணையே நடந்துகொண்டிருந்தது. ஒருவர் மேகப் படத்தைப் போட்டு வட்டம் வரைந்தார். இன்னொருவர் பூனை ஏதாவது தட்டிவிட்டிருக்குமா என்று கேட்டார். பூனை தட்டினால் தண்ணீர் குறையுமா, கூடுமா? இந்த அறிவாளிகளுக்கு நடுவில் கியாசுதீன் பாய்தான் நியாயமாகப் பேசினார். "வளவன் தம்பி, அக்கா போட்ட ஸீரோவ ஏழு வருஷமா நம்புனீங்கல்ல? அப்ப நூறையும் நம்பித்தான் ஆவணும்."

அதைக் கேட்டு ஆய்வகத்தின் சிங்க் பக்கமாகத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ரோஷம் வந்து, தானும் ஒரு வரி போட்டாள். 'அந்தக் கேள்விக்குறி இருக்கும்வரை பாலக்கரையிலிருந்து நம்பர் வராது.' போட்டபின்தான் உறைத்தது. வராது என்றால் காலை எட்டரைக்கு அவள் வேறு என்ன செய்வாள்?

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட வைக்கவில்லை. மரமில்லை, சுவரில்லை, எவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கிறேன் பார் என்று மழைமானியைப் படமெடுத்து அவன் முகத்தில் அடிப்பதுபோல் அனுப்ப வேண்டும் என்று நேரே மாடிக்குப் போனாள். பகலெல்லாம் வெயில் காய்ந்து தரை உலர்ந்திருந்தது. குனிந்து போனை நீட்டியவள் அப்படியே நின்றாள்.

மழைமானியின் பச்சைப் புனலெங்கும் வெள்ளைப் புள்ளிகள். விளிம்பில் வெள்ளை வளையம். நகத்தால் சுரண்டினாள், மாவாக வந்தது. அவள் வீட்டுக் குளியலறை வாளியில் வாராவாரம் புளி போட்டுத் தேய்க்கிறாளே, அதே போர் தண்ணீர் உப்பு. மழைத் தண்ணீர் காய்ந்தால் உப்பு பூக்காது என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

மெல்லத் தலையைத் தூக்கினாள். போன மாதம் வைத்த புதுத் தண்ணீர்த்தொட்டி. நிரம்பி வழியும் குழாய்க்கு முனையில் வளைவு மாட்டி வடிகாலுக்குத் திருப்ப வேண்டும். "நாளைக்கு வந்து மாட்டிடறேன்க்கா" என்று போன பிளம்பர் போனவன்தான். நினைவுபடுத்துங்கள் என்று சவரிமுத்துவிடம் நாலு தரம் சொல்லியாயிற்று. குழாய்க்கு நேரெதிரே கைப்பிடிச் சுவர் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. அதில் மோதித் தெறிக்கும் தண்ணீர் எங்கே விழும் என்று அளந்து பார்க்க வேண்டியதில்லை.

"என்னங்க! மேல வாங்க!"

சவரிமுத்து மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"காலைல மோட்டார் போட்டீங்களா?"

"அஞ்சு மணிக்குப் போட்டேன். மழ விட்டிருந்துச்சு. அப்பறம் கொஞ்சம் கண்ண அசந்துட்டேன்."

"தொட்டி வழிஞ்சுருக்கு. சத்தம் கேக்கலையா?"

"கேட்டுச்சே. தண்ணி கொட்ற சத்தம் நல்லாக் கேட்டுச்சு." அவர் தலையைச் சொறிந்தார். "மறுபடி மழதான் புடிச்சுக்கிச்சு, ராணி சந்தோசப்படுவான்னு நெனச்சுப் படுத்துட்டேன்."

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வாயைத் திறந்துவிட்டாள். ஆனால் அந்தக் கடைசி வார்த்தைக்குப் பிறகு இந்த மனுஷனை என்னவென்று திட்டுவது? "போங்க, கீழ போங்க" என்று மட்டும் சொன்னாள்.

கையில் போன் துள்ளியது. வளவன் ஒரு படம் போட்டிருந்தான். நீல வானம், குடை, நடுவில் கொட்டை எழுத்தில் 'பாலக்கரை 104. ராணியக்காவின் முதல் சதம்!' கேள்விக்குறி போய்விட்டது. 'மன்னிச்சுக்கங்க அக்கா, உங்க கணக்கச் சந்தேகப்பட்டிருக்கக் கூடாது' என்று கீழே எழுதியிருந்தான். கியாசுதீன் பாய் 'மாஷா அல்லாஹ்' என்று போட்டிருந்தார். இதயங்களும் கைதட்டல்களும் வந்துகொண்டே இருந்தன.

சண்டாளப் பயலே, இதைக் காலையிலேயே போட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா? சந்தோஷமாக ஒரு நாளாவது இருந்திருப்பேனே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஈரத்துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான் வேலை. யாருக்குத் தெரியப்போகிறது? மழையும்தான் பெய்தது. நாற்பதோ, ஐம்பதோ. எவ்வளவு மழை, எவ்வளவு போர் தண்ணீர் என்று இனி அந்தக் கறிவேப்பிலையைத்தான் கேட்க வேண்டும்.

புடவைத் தலைப்பைப் புனல் வரை கொண்டுபோனவள், அதில் மூக்கைத்தான் துடைத்துக்கொண்டாள். பிறகு வெள்ளை வளையமும் குழாயும் ஒன்றாகத் தெரியும்படி தள்ளி நின்று படமெடுத்தாள். 'தம்பி, போட்டோ கேட்டீங்கள்ல. 104 வேண்டாம், போர் தண்ணி கலந்துருச்சு. இன்னைக்குப் பாலக்கரைக்கு அளவே இல்லை' என்று எழுதி, இன்னொரு முறை படித்தால் அனுப்ப மாட்டோம் என்று பயந்து, படிக்காமலேயே அனுப்பினாள்.

இதயங்கள் நின்றன. வளவன் எழுதுகிறான் என்று காட்டியது. பிறகு அதுவும் நின்றது.

கீழே சவரிமுத்து மறுபடி மோட்டாரைப் போட்டிருக்க வேண்டும். தொட்டிக்குள் தண்ணீர் ஏறும் ஓசை கேட்டது. நிறுத்தச் சொல்லிக் கத்த வேண்டும் என்று நினைத்தாள், கத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் குழாய் இருமியது. தண்ணீர் பாய்ந்து சுவரில் மோதிச் சிதறியது. கண்ணை மூடிக் கேட்டாள். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அச்சு அசல் ஐப்பசி மழைதான். கண்ணைத் திறந்து, காலி மழைமானிக்குள் டப், டப் என்று விழுந்துகொண்டிருந்த தன் சதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.