தம்பி சொல்லாமல் விட்டது

சவப்பெட்டியை மூடும் முன் அப்பாவின் கழுத்துப் பொத்தானை ஃபெலிசா சரிசெய்துகொண்டிருந்தாள். சீருடை வேண்டாம், கல்யாணத்துக்குப் போட்ட அன்னாசி நார்ச் சட்டை போதும் என்று கர்னல் எவாரிஸ்தோ சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்.

"உங்க சலூத் அத்தை வந்திருக்காங்க. படியேற மாட்டேங்கிறாங்க" என்றாள், துக்கத்துக்கு வந்தவர்களுக்கு இஞ்சித் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி.

ஃபெலிசாவின் கை நின்றது. அத்தை இந்த வீட்டுப் பக்கம் வந்து எத்தனையோ வருஷம். போர் முடிகிற சமயத்தில் ஜப்பானியப் படை அத்தையின் கணவரைத் தேவாலயத்துக்குள் அடைத்துத் தீ வைத்தது. அப்படிப்பட்ட குற்றங்களுக்காகத் தண்டனை பெற்ற ஜப்பானியர்களை அடைத்த சிறைக்குத்தான் பிறகு அப்பா அதிகாரியானார். கைதி மேல் கை வைக்கக் கூடாது என்றார். அவர்களுக்குக் காய்ச்சல் என்றால் வைத்தியரை வரவழைத்தார். 'ஜப்பான்காரனுக்கு ஆயா' என்று லகூனா மாகாணம் முழுக்கக் கேலி. பள்ளியில் அதைக் கேட்டு அழுதுகொண்டு வந்த ஃபெலிசா, வேலையை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறாள். "நான் விட்டா, அடிக்கிறவன் எவனாவது வருவான்மா" என்றார்.

அந்தச் சிறையில் காவலனாக இருந்த அத்தை மகன் டெல்ஃபினை ஒருநாள் அப்பாவே வேலையைவிட்டு நீக்கினார். காரணம் கேட்டு வந்த அக்காவின் முன்னால் தலைகுனிந்து நின்றார். அன்றோடு பேச்சு நின்றது.

மாமரத்தடியில் அத்தை நின்றிருந்தாள். பக்கத்தில் டெல்ஃபின், தலை நரைத்துப்போய்.

"உள்ள வாங்க அத்தை."

"இவன் இழுத்துட்டு வந்தான், வந்தேன். என் புருஷனைக் கொன்னவங்களுக்குச் சோறு போட்டுட்டு, என் புள்ள சோத்துல மண்ணை அள்ளிப் போட்டவன் அவன்."

"போதும்மா" என்றான் டெல்ஃபின். "மாமா என் சோத்துல மண்ணைப் போடல. நான் ஜெயில் சோறு திங்காமக் காப்பாத்தினாரு."

அத்தை திரும்பிப் பார்த்தாள்.

"அப்பாவைக் கொளுத்தின படையில இருந்தவன் ஒருத்தன் அங்க கைதியா இருந்தான். அவன் நெஞ்சுக்கு நேரா துப்பாக்கியைத் தூக்கிட்டேன். மாமா குறுக்க வந்து நின்னாரு. 'என்னைச் சுட்டுட்டு அவனைச் சுடு'ன்னாரு. துப்பாக்கியைக் கீழ போட்டுட்டேன். மேலிடத்துக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஜெயில்ல கிடந்திருப்பேன். சொல்லல. 'வேலைக்கு லாயக்கில்லை'ன்னு மட்டும் சொல்லி அனுப்பிட்டாரு. இன்னிக்குப் பொண்டாட்டி, புள்ளைங்கன்னு இருக்கேன்னா அவராலதான்."

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொல்ல விடல. 'அக்கா தாங்கினதே போதும். புள்ள ஒருத்தனைக் கொல்லப் பாத்தான்னு தெரிய வேணாம். என்மேலயே கோவமா இருந்துட்டுப் போகட்டும்'னாரு."

 அத்தை ஃபெலிசாவின் தோளைப் பிடித்துப் படியேறினாள். பெட்டிக்குள் குனிந்தாள்.

"மடையா" என்றாள் தம்பியிடம். அவன் நெற்றியில் கலைந்திருந்த முடியை விரலால் ஒதுக்கினாள். "மடையா."

பெட்டியைத் தூக்கும்போது முன்பக்கம் தோள் கொடுக்கும் இடத்தை டெல்ஃபின் கேட்டு வாங்கிக்கொண்டான். கல்லறைக்குப் போகும் பாதையில் நிழலே இல்லை. அத்தை யாரிடமோ ஒரு குடையை வாங்கி, அவர்களோடு ஓட்டமும் நடையுமாகப் போனாள். குடையைத் தம்பிக்குப் பிடித்தாளா, மகனுக்குப் பிடித்தாளா என்று பின்னால் வந்த ஃபெலிசாவுக்குத் தெரியவில்லை. அத்தையின் தலைமேல் மட்டும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.