உவமை இல்லாமல் ஒரு டார்ச் லைட்

1

மனித நாகரிகம் என்பதே சேகரிப்பின் வரலாறுதான். சிதறிக் கிடக்கும் உலகைப் பொறுக்கியெடுத்து, வரிசைப்படுத்தி, அழியாமல் காப்பவனே காலத்தை வெல்கிறான்.

இந்த இரண்டு வாக்கியங்களை எழுதி முடித்ததும் இக்கதையின் ஆசிரியர் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். பெருமிதத்தில் தொண்டை வறண்டிருந்தது. திரும்பி வந்து படித்தபோதுதான் உறைத்தது, அவர் சேகரித்தவை டார்ச் லைட்டுகள். அவை எந்தக் காலத்தையும் வென்றவை அல்ல. பெரும்பாலானவை தள்ளுபடியில் வந்தவை.

(ஆசிரியர் 'நான்' என்று எழுதியிருக்கலாம். கூச்சம். 'ஆசிரியர்' என்ற மரியாதையான சொல்லுக்குள் புகுந்துகொண்டால், நடந்ததெல்லாம் வேறு யாருக்கோ நடந்ததுபோல ஒரு சௌகரியம். வயிற்றுப்பாட்டுக்கு அவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் புகார்களுக்குப் பதில் கடிதம் எழுதுகிறார். 'தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்பதை எத்தனையோ விதமாக எழுதத் தெரிந்தவர்.)

கதை பிறந்தது இப்படி. அவர் மனைவி பேச்சுப் பயிற்சியாளர். திக்கிப் பேசும் குழந்தைகளுக்கும், பேச்சு தாமதமான குழந்தைகளுக்கும் ஒரு கிளினிக்கில் பயிற்சி கொடுத்துவந்தார். அதை விட்டுவிட்டு வீட்டிலேயே சொல்லிக்கொடுக்க முடிவெடுத்தார். வீட்டில் அதற்கு ஒரு சின்ன அறை இருந்தது. அதில் டார்ச்சுகள் இருந்தன.

"ஒண்ணு அந்த ரூமைக் காலி பண்ணுங்க. இல்லன்னா நான் வெளியில ஒரு ரூம் எடுத்துக்கறேன். எடுத்தா அங்கயே ஒரு கட்டிலும் போட்டுக்குவேன்."

சொல்லிவிட்டு மனைவி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

2

முதல் தொடக்கம் இவ்வாறு இருந்தது:

'கப்பல் மாலுமிகள் பயன்படுத்திய பழைய பித்தளைத் திசைகாட்டிகளை அவர் சேகரித்துவந்தார். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கடல் உறங்கிக்கொண்டிரு—'

தோளுக்குப் பின்னாலிருந்து மனைவி படித்தார்.

"யாருங்க இவரு?"

"கதாபாத்திரம்."

"ரொம்ப டீசன்ட்டா இருக்காரே. இவரைக் கட்டியிருக்கலாம் போலயே."

"கிண்டல் பண்ணாதே. இது முதல் டிராஃப்ட்."

"டார்ச் எங்க போச்சு?"

"டார்ச்சுல இலக்கியம் இல்ல."

"இலக்கியம் இல்லாததுக்காகவா ஷெல்ஃபு உடையற அளவுக்கு வாங்கிப் போட்டீங்க?"

கடல் அங்கேயே உறங்கட்டும் என்று விட்டுவிட்டார்.

3

ஆகவே உள்ளதை உள்ளபடி. கைக்கடக்கமானவை, தலையில் மாட்டுபவை, தண்ணீருக்குள் எரிபவை (ஆசிரியருக்கு நீச்சல் தெரியாது), மலையின் மறுபக்கம் தெரியும் என்று அட்டையில் போட்டவை (ஊரில் மலை கிடையாது). எல்லாம் பெட்டிக்குள், பெட்டியெல்லாம் அலமாரிக்குள், அலமாரிக்குள் அடங்காதவை தரையில்.

ஒன்றில்கூட பேட்டரி இருக்காது. உள்ளே போட்டுவைத்தால் பேட்டரி கசிந்து டார்ச்சின் உடம்பு கெட்டுவிடும் என்பது டார்ச் சேகரிப்பவர்களின் முதல் பாடம். அதனால் மின்சாரம் போகும்போதெல்லாம் அந்த வீட்டில் வெளிச்சம் தந்தது மனைவியின் செல்போன். அந்த வெளிச்சத்தில் ஆசிரியர் தம் சேகரிப்பின் மீது கால் இடறி விழுந்திருக்கிறார்.

எதற்காக வாங்கினார்? இந்த இடத்தில் ஒரு கட்டுரை எழுதிவைத்திருந்தார்: 'நவீன மனிதனின் அகஇருளும் நுகர்வுப் பண்பாடும்'. நீக்கியாயிற்று. விஷயம் அவ்வளவு பெரிதில்லை. அலுவலகத்தில் யாராவது காறித்துப்பிக் கடிதம் எழுதியிருந்தால், அதற்கு வருந்துகிறோம் போட்டுவிட்டு, போனை எடுத்து ஒரு டார்ச் ஆர்டர் செய்வார். அதோடு மனசு லேசாகிவிடும். பார்சல் வந்துகொண்டிருக்கிறது என்ற நினைப்பிலேயே பொழுது நன்றாகப் போகும். வந்து, பிரித்து, ஒருமுறை எரியவைத்துப் பார்த்ததும் சப்பென்று ஆகிவிடும். அவருக்குப் பிடித்தது டார்ச் அல்ல, அது வழியில் இருப்பது.

(பார்சல்கள் அலுவலக முகவரிக்கு வரும். சாப்பாட்டுப் பையில் வீடு வந்து சேரும். "இன்னிக்கும் சாப்பாடு மிச்சமா சார்?" என்று வாசலில் காவலர் பரிதாபப்படுவார்.)

4

அலுவலகத்தில் ஊழியர் நலனுக்கென்று ஒரு மனநல ஆலோசகர் உண்டு. சின்னப் பெண். ஆசிரியர் அவர்முன் உட்கார்ந்து, சேகரிப்பு என்பது மனித நாகரிகத்தின்—என்று தொடங்கினார். அவர் கையமர்த்தினார்.

"சேகரிக்கறது தப்புன்னு நான் சொல்லல சார். பிடிச்சதை வச்சுக்குங்க. ஆனா புதுசா ஒண்ணு வாங்கணும்னு தோணினா, பட்டனை அழுத்தறதுக்கு முன்னாடி நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட வாய்விட்டுச் சொல்லுங்க. சொல்லும்போதே பாதி அடங்கிடும்."

நம்பிக்கையானவர் என்று தம் அக்காவைத் தேர்ந்தெடுத்தார். அக்கா வேறு ஊரில் ஒரு பெண்கள் விடுதியின் வார்டன். 'கிடையாது' என்று சொல்வதற்கே சம்பளம் வாங்குபவர்.

முதலில் நன்றாகத்தான் போனது.

"அக்கா, ஒரு டார்ச்—"

"கிடையாது. வச்சிடு."

5

பிறகு ஆசிரியருக்குள் இருந்த எழுத்தாளர் விழித்துக்கொண்டார். வாய்விட்டுச் சொல்லத்தானே சொன்னார்கள்? எப்படிச் சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே.

"அக்கா, வாங்கப் போறதில்ல. சும்மா கேளு. உடம்பு முழுக்கச் செம்பு. கையில எடுத்தா தூங்கற புறாவைப் பிடிச்ச மாதிரி ஒரு சூடு. வெளிச்சம் இருக்கே, அது பளீர்னு அடிக்காது. பால்ல குங்குமப்பூ கரையற மாதிரி மெதுவா..."

மறுமுனையில் பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"அக்கா?"

"எந்தக் கடையிலடா கிடைக்குது?"

விசாரணைக்குக் கேட்கிறார் என்று ஆசிரியர் நினைத்தார். அப்படி நினைத்ததாகத்தான் இந்தக் கதையில் எழுத விரும்புகிறார். அந்த வார இறுதியில் செம்பு டார்ச் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அக்கா பிரிப்பதை வீடியோ எடுத்து அனுப்பினார். ஆசிரியருக்கு அதே பழைய சிலிர்ப்பு. செலவில்லை, பார்சலைப் பையில் மறைக்க வேண்டியதில்லை. அடுத்த வாரம் இன்னொன்றைச் சொன்னார். அதற்கடுத்த வாரமும்.

ஆலோசகரிடம் போய், "நான் ஒண்ணுகூட வாங்கல" என்று நெஞ்சு நிமிர்த்திச் சொன்னார். அவர் கைதட்டினார். ஆசிரியர் தலை குனிந்து ஏற்றுக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தார். தம்பிக்கு அல்ல, தம்பி மனைவிக்கு. ஸ்பீக்கரில் வீடே கேட்டது.

"உன் புருஷனை எனக்கு போன் பண்ண வேணாம்னு சொல்லும்மா. அவன் சொல்றான், நான் வாங்கறேன், என் சம்பளம் போகுது. ஹாஸ்டல் பொண்ணுங்க 'மேடம், கடை வைக்கப் போறீங்களா'ன்னு கேக்குதுங்க!"

"சரி அண்ணி," என்றார் மனைவி. போனை வைத்தார். ஆசிரியர் பேச வாயெடுத்தார்.

"எனக்கு ஒரு பதில் கடிதம் எழுதிடாதீங்க," என்றார் மனைவி.

அன்று மாலை அவர் கட்டில் விலை விசாரிப்பதை ஆசிரியர் தம் காதால் கேட்டார். ஒற்றைக் கட்டில்.

6

(இந்த இடத்தில் கணவன் கண்ணீர் விடும் காட்சி ஒன்று இருந்தது. அதில் கண்ணீருக்கு மூன்று உவமைகள் இருந்தன. நீக்கியதன் காரணம் கீழே வருகிறது.)

கட்டில் வாங்கப்படவில்லை. பதிலாக மனைவி ஒரு நிபந்தனை வைத்தார்.

"இனிமே என்கிட்ட சொல்லுங்க. என்ன பொருள், எதுக்கு, அதே மாதிரி ஏற்கெனவே இருக்கா. அவ்வளவுதான். மாதிரி, போல எதுவும் வரக்கூடாது."

"உவமை இல்லாம எப்படி—"

"என்கிட்ட வர்ற பிள்ளைங்க 'தண்ணி வேணும்'னு சொல்றதுக்கே எவ்வளவு பாடுபடுதுங்க தெரியுமா? மூச்சை இழுத்து விடுங்க. நிதானமாச் சொல்லுங்க."

அவர் மூச்சை இழுத்து விட்டார்.

"ஒரு டார்ச்."

"எதுக்கு?"

"வெளிச்சத்துக்கு."

"அதே மாதிரி இருக்கா?"

"...இருக்கு."

"இன்னும் வேணுமா?"

அவர் யோசித்தார். பாலும் புறாவும் போனபிறகு அங்கே ஒரு குழாயும் பொத்தானும்தான் மிச்சமிருந்தன. வேண்டாம் போலிருந்தது.

அதே நிபந்தனையோடு அறையைப் பிரித்தார்கள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து அவர் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். பெரும்பாலானவற்றுக்கு "இது தள்ளுபடியில வந்தது" என்பதைத் தவிர வாக்கியமே கிடைக்கவில்லை. அவை ஒரு மலையேறும் குழுவுக்குப் போயின. சிலவற்றுக்கு வாக்கியம் கிடைத்தது. "இதோட கண்ணாடியை நானே மாத்தினேன்." "இதோட பொத்தான் சத்தம் எனக்குப் பிடிக்கும்." ஒன்றை எடுத்தபோது, "இது நாம குடிவந்த அன்னிக்கு நீ வாங்கினது. எரியும்" என்றார். மனைவி அதை வாங்கி பேட்டரி போட்டுப் பார்த்தார். எரிந்தது. சமையலறை ஆணியில் மாட்டினார்.

இப்போது அலமாரியில் ஒரே ஒரு தட்டு டார்ச்தான். எல்லாவற்றிலும் பேட்டரி இருக்கிறது. அக்கா மட்டும் தாம் வாங்கியவற்றை யாருக்கும் கொடுக்க மறுத்துவிட்டார். "எனக்கு இதுல ஒரு ரசனை வந்துடுச்சுடா," என்றார்.

காலியான அறையைப் பார்த்துவிட்டு மனைவி கிளினிக்கில் ராஜினாமா கொடுத்தார்.

7

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

அ) கணவன் மிச்சமிருந்த டார்ச்சுகளையும் துறந்து ஞானம் அடைகிறான். ஆசிரியரைத் தெரிந்த எவரும் நம்பமாட்டார்கள்.

ஆ) பேசவே பேசாத ஒரு குழந்தை அந்த அறையில் டார்ச்சை அழுத்தி, முதன்முதலாக 'வெளிச்சம்' என்கிறது. பத்திரிகைக்குப் பிடிக்கும். மனைவி படித்துவிட்டு, "எங்க பிள்ளைங்களை உங்க கதைக்கு வேலைக்கு வைக்காதீங்க" என்று அடித்துவிட்டார்.

இ) கணவனும் மனைவியும் வாசலில் நின்று அந்தக் காலி அறையைப் பார்க்கிறார்கள். அது ஒரு வெள்ளைக் காகிதம் போ—

ஆகவே முடிவை வாசகரிடமே விட்டுவிடுவதாக ஆசிரியர் தீர்மானித்தார். பெருந்தன்மை என்று வைத்துக்கொள்ளலாம். அவன் தேறினானா, தேறவில்லையா, மனைவிக்கு அவன் மீது நம்பிக்கை திரும்பியதா என்பதை நீங்களே—

கதவு தட்டப்பட்டது.

"ஏங்க, முடிஞ்சுதா?"

"கடைசிப் பத்தி."

"போன வாரமும் கடைசிப் பத்திதானே?"

"இங்கதாம்மா அமைதியா இருக்கு."

வெளியே ஒரு குழந்தை "த... த... தண்ணி" என்றது.

இந்தக் கதை முழுவதும் காலி செய்த அந்த அறையில்தான் எழுதப்பட்டது. குழந்தைகள் சாப்பாட்டு மேசையில் பேசப் பழகுகிறார்கள்.