ஈஸ்டர் திங்களன்று பள்ளம் கடந்தவன்

ஈஸ்டர் திங்கள் வந்தால் எங்கள் டாட்ரா மலைப்பக்கத்து ஆம்பிளைகளைப் பிடிக்க முடியாது. விடிந்ததும் வாளியும் கையுமாக வீடு வீடாகப் போய்ப் பெண்கள் தலையில் பச்சைத் தண்ணீரை ஊற்றுவார்கள். நனைந்த நாங்கள்தான் அவர்களுக்குச் சாயம் பூசிய முட்டையும் பிளம் சாராயமும் கொடுத்து அனுப்ப வேண்டும். எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்த வழக்கமோ! மதியம் பன்னிரண்டு அடித்தால் ஆட்டம் மாறும். அதற்கப்புறம் நாங்கள் அவர்கள்மேல் ஊற்றலாம்.

நான் மலைமேல் விடுதி நடத்துகிறவள். கீழேயிருந்து சாமான் சுமந்து வருவது என் தம்பி ப்ளாஜேய்.

முந்தின ராத்திரி மேகம் மூடிக் கிடந்ததில் பனி இறுகவே இல்லை. காலையில் கையை விட்டுப் பார்த்தேன், கூழாக இருந்தது. விடுதிக்குக் கீழே வழியின் குறுக்கே ஒரு பள்ளம் உண்டு. அதற்கு மேலே இருக்கும் சரிவு முழுக்க வெயிலைப் பார்த்த சரிவு; சூடு ஏறினால் அங்கே இருக்கும் பனி மொத்தமாகச் சரிந்து பள்ளத்தில் இறங்கிவிடும். தங்கியிருந்த ஆறு பேரிடமும் சொல்லிவிட்டேன்: "இன்னிக்கு யாரும் இறங்கக் கூடாது. ராத்திரி உறையட்டும், நாளைக்கு விடியக்காலம் போங்க."

நகரத்திலிருந்து பெண்டாட்டியோடு வந்திருந்த சமோவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நாளைக்குக் காலையில எனக்கு ஆபீஸ் இருக்குங்க."

"ஆபீஸ் எங்கேயும் ஓடிடாது தம்பி. பனிதான் ஓடி வரும்."

"அவங்க சொன்னா கேளேன்," என்றாள் அவன் மனைவி டோரோத்தா.

ப்ளாஜேய்க்கும் ஃபோன் போட்டு வராதே என்றேன். "சரிக்கா, சரிக்கா," என்றான். நாலைந்து வீடு ஏறி இறங்கியிருப்பான் போல, குரலே தள்ளாடியது.

பன்னிரண்டு ஆகக் கொஞ்ச நேரம் இருக்கும்போது பள்ளத்தின் அந்தக் கரையில் ஓர் ஆள் தெரிந்தான். முதுகில் மூட்டை. ப்ளாஜேய்தான். மறுபடி ஃபோனை எடுத்தேன்.

"டேய், அறிவு கெட்டவனே! அங்கேயே நில்லு. அப்படியே திரும்பிப் போ."

"மணி ஆகுதுக்கா! ஒரு வருஷம்கூட உன்னை நனைக்காம விட்டதில்ல. இன்னிக்கு விட்டா நீ என்னை நனைச்சுட்டு ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பே."

"நீயே ஜெயிச்சதா இருக்கட்டும்டா. இதோ, நல்லாப் பாத்துக்கோ!"

சமையல்கட்டு வாளியைத் தூக்கி வந்து, வாசலில் அத்தனை பேர் முன்னால் என் தலையில் நானே ஊற்றிக்கொண்டேன். மூச்சு நின்றுவிட்டது. விருந்தாளிகள் கை தட்டினார்கள். ஃபோனில் அவன் சிரிப்புக் கேட்டது.

"நீயே ஊத்திக்கிட்டா செல்லாதுக்கா," என்றவன் பள்ளத்துக்குள் காலை வைத்துவிட்டான்.

நடுவில் ஒரு தடவை நின்றான். பிறகு ஓட்டமாக ஓடி இந்தக் கரை ஏறினான். எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது, கூடவே கோபமும் வந்தது. நடைவழி பெரிய பாறையைச் சுற்றிக்கொண்டு வரும், அவன் வந்து சேர நேரமாகும். அதற்குள் ஈரத்துணியை மாற்ற உள்ளே போனேன்.

வந்தவன் வாளிப் பக்கமே திரும்பவில்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். கொடுத்த தேநீரைக் குடிக்காமல் கீழே வைத்தான்.

"என்ன துரை, நனைக்க வரலையா?" என்றேன்.

"அக்கா," என்றான் மெதுவாக, "நடுவுல நிக்கிறப்ப காலுக்குக் கீழே பனி 'தொம்'னு உக்காந்துச்சு. மேலே சரிவுல ஒரு விரிசல் ஓடுச்சு. பொழச்சதே பெரிசு."

"அதை இங்க இருக்கிற எல்லார்கிட்டயும் சொல்லு."

சுமைகாரனுக்கு அது எவ்வளவு பெரிய வெட்கம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுந்து நின்று சொன்னான். "நான் செஞ்சது முட்டாள்தனம். தயவுசெஞ்சு யாரும் போகாதீங்க."

கேட்டுக்கொண்டிருந்தது நாலே பேர். சமோவையும் டோரோத்தாவையும் காணோம். வெளியே ஓடினேன். சுவரில் சாய்த்திருந்த சறுக்குப் பலகைகளில் இரண்டு ஜோடி குறைந்திருந்தன. நடைவழியை விட்டு நேரே சறுக்கிப் போயிருக்கிறார்கள். நான் துணி மாற்றின நேரம்தான்.

இரண்டு பேரும் அதற்குள் பள்ளத்தில் இறங்கியிருந்தார்கள். கூப்பிடக்கூட நேரம் கிடைக்கவில்லை. மேலே சரிவில் இருந்த பனி அவசரமே இல்லாமல், கல்லையும் மண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்கியது.

மீட்புக்காரர்களுக்குச் சொல்லி முடிப்பதற்குள் ப்ளாஜேய் மண்வெட்டியோடு பாதித் தூரம் போய்விட்டான். மேலே இன்னும் பாதிப் பனி விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது. போகாதேடா என்று எந்த வாயால் சொல்வேன்? நாங்களும் பின்னாலேயே ஓடினோம்.

டோரோத்தா ஓரத்தில் இடுப்புவரை புதைந்திருந்தாள், இழுத்துவிட்டோம். சமோ ஆழத்தில் இருந்தான். ஈரப்பனி நின்றதும் சிமெண்டாக இறுகிவிடும். ப்ளாஜேய் கையெல்லாம் ரத்தமாகத் தோண்டி அவன் முகத்தை வெளியே கொண்டு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

கம்பளிக்குள் உட்கார்ந்திருந்த டோரோத்தா ப்ளாஜேயையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"நான் வேணாம்னுதாங்க சொன்னேன்," என்றாள் அவனிடம். "அவர்தான் உங்களைக் காட்டி, 'பாரு, அவ்வளவு பெரிய மூட்டையோட அவரே வந்துட்டாரு, நமக்கு என்ன'ன்னார்."