பதினான்கு பிளாக் கதவு

விண்வெளியில் மிதப்பவனுக்கு அகலமான கதவு எதற்கு? முகம் தெரியாத பலர் என் அண்ணனிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள். சதுர பிளாக்குகளை அடுக்கி விண்கலமும் விண்நிலையமும் கட்டுகிற கணினி விளையாட்டு அது. அண்ணன் ஒரு நிலையத்தை முழுசாகக் கட்டுகிறவன் அல்ல. துண்டு துண்டாகக் கட்டுவான். ஒரு நடைபாதை, ஒரு படுக்கையறை, ஒரு எஞ்சின் அறை. எந்தத் துண்டின் வாயும் எந்தத் துண்டின் வாயோடும் பொருந்தும். ஒருமுறை சேமித்துவிட்டால் வேண்டிய இடத்தில் வேண்டிய அளவுக்கு எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். அவன் பொதுவில் போட்டுவைத்த துண்டுகளை எடுத்து யார் யாரோ நிலையம் கட்டினார்கள். எல்லாம் பிரமாதம், கதவு மட்டும் ஏன் இவ்வளவு அகலம், இடம் வீண்தானே என்று எழுதுவார்கள். 'பழக்கதோஷம்' என்று பதில் போடுவான்.

சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் அதை எழுதுகிறான் என்று யாரிடமும் சொன்னதில்லை.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். மூன்று வருடம் முன்பு லிஃப்ட் குழிக்குள் இரண்டு மாடி உயரத்திலிருந்து விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அதோடு நிறுத்திவிட்டு, பார்சல் பிரிக்கும் கிடங்கில் இரவு வேலைக்குச் சேர்ந்தேன். தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். படிப்பும் ஏறவில்லை.

ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும், குறைந்தால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணன் குடித்தான். நாளுக்கு ஆறேழு முறை நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு குளியலறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, தன் வேலையைத் தானே முடித்துக்கொண்டு வருவான். அந்த நேரத்தில் கதவுக்கு வெளியே ஆள் நிற்கக் கூடாது. ஒருமுறை அம்மா நின்றுவிட்டாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

இப்படியிருக்கும்போது, குடியிருந்த வீட்டை இடிக்கப்போகிறேன், மாதக் கடைசிக்குள் காலி செய்யுங்கள் என்றார் வீட்டுக்காரர்.

வீடு பார்ப்பதற்கு அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தான். விளையாட்டில் ஒரு பிளாக்கை ஐந்து சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டான். தன் நாற்காலியைச் சக்கரத்தோடு ஒரு துண்டாகக் கட்டிச் சேமித்தான். நான் போய்ப் பார்க்கிற ஒவ்வொரு வீட்டையும் டேப் வைத்து அளந்து போனில் சொல்ல வேண்டும். அவன் அதைப் பிளாக்கில் கட்டி, நாற்காலித் துண்டை உள்ளே ஒட்டி, ஓட்டிப் பார்ப்பான். பிளாக்கில் பாதி கிடையாது. அதனால் ஒரு விதி வைத்தான்.

"நாற்காலிய மேல தூக்கு, கதவக் கீழ இறக்கு" என்றான். "நாற்காலி அறுபத்திநாலு. பதிமூணு பிளாக். கதவு அறுபத்தொம்பதுன்னு சொன்னாலும் எனக்குப் பதிமூணுதான்."

"பதிமூணுக்குள்ள பதிமூணு போகும்ல?"

"நாற்காலி போகும். கை எங்க போகும்? சக்கரத்த உருட்டுற கைய உன் சட்டப் பையிலயா வச்சுக்குவ? கைக்கு ஒரு பிளாக் சேத்துக்க. பதினாலு. எழுபதுக்குக் கம்மியா இருந்தா அந்த வீடே வேணாம்."

பதினோரு வீடு பார்த்தோம். விளையாட்டுக்குள் பதினோரு வீடும் அந்தரத்தில் வரிசையாக மிதந்தன. ஒன்றில் படி, ஒன்றில் திரும்ப இடமில்லை, மற்றதெல்லாம் கதவு. குளியலறைக் கதவு என்றால் ஒல்லியான ஆள் பக்கவாட்டில் நுழைய வேண்டும் என்றே கட்டுவார்கள் போலிருக்கிறது. அம்மா பாத்திரங்களை மூட்டை கட்டிவிட்டு, தினம் ஒரு கரண்டிக்காக மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அவன் கேக்குற கதவு அரண்மனையிலதான் இருக்கும்" என்றாள். "ராஜாவுக்குத் தம்பியாப் பொறந்திருக்கலாம் நீ."

மாதம் முடிய ஆறு நாள் இருந்தபோது பன்னிரண்டாவது வீடு வந்தது. வேலை முடிந்து தூங்காமல் நேராகப் போனேன். தரைத்தளம். வாசலில் படி இல்லை. கூடத்தில் நாற்காலி இரண்டு சுற்றுச் சுற்றலாம். நான் டேப்பை நீட்டி நீட்டி அளப்பதை வீட்டுப் புரோக்கர் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, வீடு பாக்க வந்தீங்களா, வீட்டுக்குச் சட்டை தைக்க வந்தீங்களா?"

"அண்ணனுக்குச் சக்கர நாற்காலிங்க."

"அதுக்கென்ன, கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா அட்ஜஸ்ட் பண்ணிக்க வேண்டியதுதான். சாயங்காலம் இன்னொரு பார்ட்டி வருது, பாத்துக்குங்க."

குளியலறைக் கதவை அளந்தேன். அறுபத்தாறு. கதவு நிலையின் மேலே அளந்தேன், கீழே அளந்தேன். அறுபத்தாறுதான். கதவடியில் தண்ணீர் வெளியே வராமலிருக்க ஒரு விரல் உயரத்துக்கு மேடு.

அண்ணனுக்குப் போன் செய்து கூடத்தைச் சொன்னேன், படுக்கையறையைச் சொன்னேன். மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"பாத்ரூம்ல மேடு இருக்கா?"

"ஒரு விரல்."

"பரவால்ல, அழுத்தித் தள்ளினா ஏறிடும். கதவு?"

கண் எரிந்தது. நாற்காலி அறுபத்திநாலு, கதவு அறுபத்தாறு, போகும் என்று நினைத்தேன். கைக்காக ஒரு பிளாக் கேட்டானே, அதை மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். நினைவில் இருந்தது.

"எழுபது" என்றேன்.

"நல்லாப் பாத்தியா?"

"எழுபதுண்ணா."

சத்தம் கொஞ்ச நேரம் நின்று, மறுபடி கேட்டது. பிறகு அவன் சிரித்தான். மூன்று வருடத்தில் அப்படி அவன் சிரித்து நான் கேட்டதில்லை.

"போயிட்டு வந்துட்டேன்டா. உள்ள போய் ஒரு வட்டம் அடிச்சுட்டு வந்தேன். முடிச்சுடு. அம்மாகிட்ட அரண்மன கெடச்சிருச்சுன்னு சொல்லு."

நாலு நாளில் குடிபோனோம். பகல் முழுக்கச் சாமான் இறக்கினோம். அண்ணன் கூடத்தில் உட்கார்ந்து, எது எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். விளையாட்டில் கட்டிலையும் பீரோவையும் துண்டுகளாகக் கட்டி ஏற்கனவே வைத்துப் பார்த்துவிட்டான். சொன்ன இடத்தில் எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தன. சாமான் தூக்க வந்தவர்களில் ஒருவர், "சார் இஞ்சினியரா?" என்று என்னிடம் கேட்டார். அண்ணன் காதில் விழுந்தது. ஒரு லிட்டர் பாட்டிலைக் கடகடவென்று காலி செய்துவிட்டு, "இருங்க, அரண்மனையப் பாத்துட்டு வரேன்" என்று குளியலறைப் பக்கம் போனான்.

நான் மின்விசிறியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

நாற்காலி கதவுக்குள் நுழைந்தது. முன்சக்கரம் மேட்டில் இடித்து நின்றது. இங்கேதான் அழுத்தித் தள்ள வேண்டும். அவனுடைய இரண்டு கையும் சக்கரத்துக்கும் நிலைக்கும் நடுவே மாட்டிக்கொண்டன. பின்னால் வந்து, வேகமெடுத்து மறுபடி போனான். இடித்து நின்றது. நிலையைப் பிடித்து இழுக்கப் பார்த்தான். சுவரோடு சுவராக டைல்ஸ் ஒட்டிய நிலை, பிடி இல்லாமல் விரல் வழுக்கியது. நாலாவது முறை நின்றபோது அம்மா ஓடினாள்.

"வராத" என்றான். திரும்பிப் பார்க்காமலேயே சொன்னான்.

பின்னால் உருட்டிக் கூடத்துக்கு வந்தபோது இரண்டு கையிலும் விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. சாமான் தூக்க வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார்கள்.

"டேப் எங்க?" என்று கேட்டான்.

எடுத்துக் கொடுத்தேன். அவனே அளந்தான். கீழே மட்டும் அளந்தான், மேலே எட்டாது. டேப்பைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"நீ அளக்கும்போது டேப் வளஞ்சிருந்துச்சா?"

அவன் எனக்கு ஒரு கதவு திறந்துவிட்டான். எனக்குப் போதுமான அகலத்தில்.

"ஆமாண்ணா" என்றேன். "தூக்கக் கலக்கம்."

"ம்" என்றான்.

நிலையை இடித்து அகலப்படுத்தலாமா என்று புது வீட்டுக்காரரிடம் கேட்டேன். அது பில்லர் சுவர், ஆணி அடிப்பதென்றால்கூட என்னிடம் கேட்டுவிட்டு அடி என்றார். மேட்டையாவது செதுக்கலாம் என்றால், தண்ணீர் கூடத்துக்கு வரும், அதுவும் கூடாது. வேறு வீடு பார்க்கலாம் என்று அண்ணனிடம் சொன்னேன். "யாரு அளக்குறது?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் அவன் விளையாட்டைத் திறந்து அந்த வீட்டை எடுத்தான். குளியலறைக் கதவில் ஒரு பிளாக்கை அடைத்துப் பதிமூன்றாக்கினான். கைக்குச் சேர்த்த பிளாக்கோடு நாற்காலியை ஓட்டினான். மாட்டிக்கொண்டது. அப்படியே சேமித்தான். பிறகு பொதுவில் போட்டிருந்த நடைபாதைத் துண்டைத் திறந்து அதன் கதவையும் குறுக்கினான். பிறகு படுக்கையறை, பிறகு எஞ்சின் அறை. மறுநாள் ஒருவர், இப்போதுதான் சரியான அளவு, நன்றி என்று எழுதியிருந்தார். அண்ணன் பதில் போடவில்லை.

பகலில் நான்தான் தள்ளிவிடுகிறேன். மேட்டைத் தாண்ட ஒரு தள்ளு, அவ்வளவுதான். உடனே கதவைச் சாத்திக்கொள்வான். வெளியே வர மறுபடி ஆள் வேண்டும் என்பதால் கதவுக்கு வெளியிலேயே நான் நிற்க வேண்டும். அவனுக்கும் தெரியும். உள்ளே குழாயை முழுதாகத் திறந்துவிடுகிறான், சத்தம் கேட்காமலிருக்க. அம்மாவுக்கு முதுகு போய்விட்டது, அவளால் தள்ள முடியாது. முடிந்தாலும் விடமாட்டான்.

இரவு நான் வேலைக்குக் கிளம்பும்போது அம்மா அவன் மேஜையில் தண்ணீர் நிரப்பிய பாட்டிலை வைக்கிறாள். காலையில் வந்து பார்த்தால் கழுத்து வரை அப்படியே இருக்கிறது.

"தண்ணி குடிக்கலையா?"

"தாகமில்ல" என்கிறான். உதடு வெடித்திருக்கிறது.

போன வாரத்திலிருந்து தண்ணீர் குடிப்பதை மாலை நான்கு மணிக்கே நிறுத்திவிடுகிறான். நேற்று இரண்டு மணிக்கு.