மெக்கானிக் அக்காவின் கடைசித் தாள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தேர்வறை வாசலில் செல்போன்களை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்த கண்காணிப்பாளர் நான். தேர்வு நடந்த கல்லூரியிலேயே இயந்திரவியல் நடத்துபவன். வரிசையின் கடைசியில் நின்ற பெண்ணுக்கு முப்பத்தெட்டு வயதிருக்கும். போனைக் கொடுக்கக் கையை நீட்டினார். அது அடித்தது.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: 'அறிவைத் தேடும் பயணத்துக்கு வயது ஒரு...'

(அடித்துவிட்டேன். அவர் அறிவைத் தேடி வரவில்லை. பதவி உயர்வுக்காக வந்தார்.)

2

பாட்டில்களில் மருந்து நிரப்பும் இயந்திரத்தைப் பழுதுபார்ப்பது அவர் வேலை. தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவர் மெக்கானிக் அக்கா. கல்லூரிக் கடைசி ஆண்டில் அப்பா படுத்த படுக்கையாகிவிட, ஒரே ஒரு தாள் எழுதாமல் நின்றுபோனது. அடுத்த தடவை எழுதிக்கொள்ளலாம் என்று வேலைக்குப் போனார். அந்த அடுத்த தடவை பதினாறு வருடம் தள்ளிப்போனது. இயந்திரம் அவரிடம் சான்றிதழ் கேட்கவில்லை.

பிறகு ஷிப்ட் பொறுப்பாளர் இடம் காலியானது. விண்ணப்பத்தில் 'பட்டம் பெற்ற ஆண்டு' என்று ஒரு கட்டம். அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்கவில்லை.

"உங்கள விட்டா வேற யாரும்மா இருக்கா? ஆனா கம்ப்யூட்டர் ஏத்துக்க மாட்டேங்குதே" என்றார் மேலாளர்.

"அதுக்கு என்ன வேணுமோ குடுத்துட்டுப் போறேன் சார்."

விண்ணப்பிக்க நான்கு மாதம் இருந்தது. மகள் வீட்டுப்பாடம் எழுதும் மேசையின் மறுபாதியில் இரண்டு மாதம் உட்கார்ந்து படித்தார். மகளைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கொட்டாவி விட்டார்.

3

வாசலில் போன் அடித்ததும் என்னைப் பார்த்தார். "மூணு நிமிஷம் சார்." மணி அடிக்க இன்னும் நேரமிருந்தது. தலையாட்டினேன்.

ஸ்பீக்கரில் போட்டார். எதிர்முனையில் தொழிற்சாலைக்குப் புதிதாக வந்த இன்ஜினியர். மருந்து பாட்டிலுக்கு வெளியே கொட்டுகிறது, என்ன செய்வதென்று தெரியவில்லை என்றார்.

"முதல்ல மெயின் ஆஃப் பண்ணீங்களா?"

"பண்ணிட்டேன்க்கா."

"நிறுத்துறதுக்கு முன்னாடி பார்த்தீங்கல்ல, சென்சார் விளக்கு எப்ப எரிஞ்சுது? பாட்டில் குழாய்க்கு நேரா வரும்போதா, தாண்டின பிறகா?"

"தாண்டின பிறகு... அப்ப சிக்னல் லேட்டா வருது. சென்சாரே இடம் மாறியிருக்கணும்க்கா."

"சரியா சொல்றீங்க. ஸ்பேனர் எடுத்து பழைய இடத்துக்குத் தள்ளி வைங்க."

"நானா? மெஷின்ல கை வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்களே."

"அக்கா வைக்கச் சொன்னாங்கன்னு சொல்லுங்க தம்பி. நான் பரீட்சைக்குப் போறேன்."

போனை அணைத்து என் பையில் போட்டுவிட்டு உள்ளே போனார். இயந்திரம் ஓடியதா என்று தெரியாமலேயே மூன்று மணி நேரம் எழுதினார். வெளியே வந்து போனைப் போட்டதும் ஒரே ஒரு செய்தி: ஓடுதுக்கா.

4

முதல் வரைவில் அந்தப் புது இன்ஜினியரை மண்டூகமாக்கியிருந்தேன். பட்டம் ஒரு பக்கம், திறமை ஒரு பக்கம் என்று பிரித்துவிட்டால் கதை வழுக்கிக்கொண்டு போகும், பாருங்கள். சான்றிதழ் வாங்க வந்த மெக்கானிக் அக்காவிடம் அதைப் படிக்கக் கொடுத்தேன். அறுபத்தொரு மதிப்பெண்ணில் தேறியிருந்தார். நின்றபடியே படித்தார்.

"என்ன சார் இது, அந்தத் தம்பிய இப்படி எழுதியிருக்கீங்க?"

"அவருக்குத்தான் ஒண்ணும் தெரியலையே."

"தெரியாமலா நான் பாதி கேக்கும்போதே பிடிச்சாரு? சேர்ந்து அஞ்சு மாசமாச்சு. ரிப்போர்ட் மட்டும்தான் அடிக்கச் சொல்றாங்க. கெட்டுப்போயிடும்னு யாரும் தொடவே விடல. காலேஜ்லயும் தொட்டதில்லையாம்."

அவர் எந்தக் கல்லூரி என்று கேட்டேன்.

(அடுத்த வரியை இரண்டு முறை அடித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.)

எங்கள் கல்லூரிதான். என் மாணவர்தான். எங்கள் ஆய்வகத்திலும் அப்படியொரு இயந்திரம் இருக்கிறது. மாணவர்கள் கெடுத்துவிடுவார்கள் என்று பூட்டிவைத்தவன் நான். மறுவாரமே திறந்துவிட்டேன். இதுவரை இரண்டு தடவை கெட்டது. இரண்டு தடவையும் மாணவர்களே சரிசெய்தார்கள்.

5

முடிவுக்கு மூன்று வரைவுகள் இருந்தன. ஒன்றில் அவருக்குப் பதவி கிடைத்து எல்லோரும் கைதட்டினார்கள். அதைக் கிழித்தேன். இன்னொன்றில் அந்த இடம் வேறு யாருக்கோ போனது, அவர் ஜன்னல் வழியே... அதையும் கிழித்தேன். அவர் வேலை செய்யும் இடத்தில் ஜன்னலே கிடையாது. மூன்றாவதை எழுதி முடிக்கவில்லை. ஏனென்றால் நேர்காணல் இன்றைக்குத்தான். கட்டத்தில் ஆண்டை நிரப்பினார், அடுத்த பக்கம் திறந்தது, கூப்பிட்டுவிட்டார்கள். புது இன்ஜினியரையும் விண்ணப்பிக்கச் சொன்னார்களாம். "அக்கா பொறுப்பாளரா வந்தா நான் மெஷின்ல வேலை கத்துக்குவேன். அது போதும்" என்று சொல்லிவிட்டார்.

நேர்காணல் அறைக்குள் எனக்கு அனுமதியில்லை. உங்களுக்கு உண்டு. மேசைக்குப் பின்னால் இருக்கும் நாற்காலியில் உட்காருங்கள். அவருடைய விண்ணப்பம் உங்கள் முன்னால் இருக்கிறது. படித்து முடிக்கப் பதினாறு வருடம் ஏன் ஆனது என்று கேட்கலாம். அந்த இயந்திரம் எப்படி ஓடுகிறது என்றும் கேட்கலாம். எதற்கும் அவரிடம் பதில் இருக்கிறது.

கதவைத் தட்டிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். கேளுங்கள்.