நான்காவது கிளாஸில் இல்லாத புகை

1

இந்தக் கதை எனக்கு ஒரு நாற்காலியிலிருந்து கிடைத்தது. இத்தாலியில் எங்கள் மொந்தேரோவோ மலையூரின் சங்கக் கூடத்தில் எல்லாம் இரும்பு நாற்காலிகள். யார் எழுந்தாலும் கூடம் முழுக்கக் கிரீச்சிடும். அக்டோபர் பீர் போட்டியில் அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் உண்டு. பெயர் தெரியாமல் வைத்த கிளாஸ்களில் தன் வீட்டார் காய்ச்சியதைக் கண்டுகொண்ட நடுவர் எழுந்து போய்விட வேண்டும். வாய் திறக்க வேண்டாம், நாற்காலியே சொல்லிவிடும்.

எழ மனமில்லாத ஒருத்தி அதில் உட்கார்ந்திருந்தால்?

2

முதல் தொடக்கம்: ‘இலையுதிர்காலப் பொன்வெயிலில்...’ வேண்டாம். வாரம் முழுக்க மழை.

இரண்டாவது: ‘லொரெத்தாவின் மூக்கைப் போல ஒரு மூக்கு இந்த மலையில்...’ [அவசரப்படுகிறேன். மூக்கு பிறகு.]

பேச்சிலேயே தொடங்குகிறேன். லொரெத்தாவின் தம்பி தானிலோ, செஸ்ட்நட் கொட்டை போட்டுத் தன் முதல் பீரைக் காய்ச்சியிருக்கிறான்.

“அக்கா, இங்க ஜெயிச்சாதான் திருவிழாவுல என் பீரை ஊத்தவும் ஒரு குழாய் வைப்பாங்க. இல்லேன்னா பீர் காய்ச்சுற கொப்பரையை வித்துட்டுக் கூரை ஓட்டு ஃபாக்டரிக்கு வேலைக்குப் போறேன்.”

“நடுவர்கிட்ட வந்து இதையெல்லாம் சொல்லுவியாடா? எது உன்னோடதுன்னு எனக்குத் தெரியவே கூடாது.”

“எப்படித் தெரியும்? என் பீரை ஒரு வாய் குடிச்சிருக்கியா நீ?”

3

மேசையில் மூன்று நடுவர்கள். லொரெத்தா, போலோஞாவிலிருந்து வந்த பிளாவியோ, கீழூர் மருந்துக்கடை கிராசியெல்லா. ஐம்பதுக்கு மார்க். மூவரின் சராசரிதான் முடிவு.

முதல் கிளாஸில் தேன் அதிகம். இரண்டாவது புளிப்பு. மூன்றாவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை [நான் அதைக் கற்பனை செய்யவில்லை]. நான்காவதை முகர்ந்ததும் பிளாவியோ தலையைப் பின்னுக்கு இழுத்தார்.

“எவனோ அடுப்புக்கரியைக் கரைச்சு ஊத்தியிருக்கான்!”

“எனக்குப் புகையில கண்ணே எரியுது,” என்றாள் கிராசியெல்லா. “உனக்கு எப்படியிருக்கு, லொரெத்தா?”

லொரெத்தா முகர்ந்தாள். சுட்ட ரொட்டியின் மேலோடு, நனைந்த இலை, அடியில் மெல்லிய ஆரஞ்சுத்தோல் கசப்பு. அன்றைய கிளாஸ்களிலேயே அருமையானது. புகை? மறுபடி முகர்ந்தாள். துளியும் இல்லை.

[இப்போது மூக்கு. அவள் பிறந்த வீட்டுச் சமையலறையை ஒட்டியே, செஸ்ட்நட் கொட்டைகளைப் புகைபோட்டு உலர்த்தும் குடில். இலையுதிர்காலம் வந்தால் வாரக்கணக்கில் புகைதான். தானிலோ இப்போதும் அங்கேதான் தன் கொட்டைகளை உலர்த்துகிறான். ‘உங்க ரெண்டு பேருக்கும் முன்னாடி உங்க கோட்டு நாத்தம் வந்துடுது’ என்று பள்ளியில் அக்காவையும் தம்பியையும் கேலி செய்வார்கள். அவளுக்குப் புரிந்ததே இல்லை. பக்கத்து வீட்டுக் குடிலின் புகைக்கு அவள் தும்முவாள். தன் வீட்டுப் புகை மட்டும் அவள் மூக்குக்கு வெறும் காற்று.]

லொரெத்தா யோசித்தாள்: எல்லோருக்கும் எரிகிறது, எனக்கு மட்டும் இல்லை. அப்படியென்றால் இது...

முகர முடியாததை வைத்தே தம்பியைக் கண்டுபிடித்துவிட்டாள்.

4

இந்த இடத்தில் மூன்று நாளாக எழுதி அடிக்கிறேன். அவளை நான் நம்புகிறேனா?

எழுந்தால் மற்ற இருவரின் மார்க் மட்டுமே நிற்கும், தானிலோ தோற்பான். ‘எப்படிக் கண்டுபிடிச்சே?’ என்ற கேள்வியும் வரும். மோப்பத்தில் ஓட்டையுள்ள நடுவரை அடுத்த வருடம் யார் அழைப்பார்கள்?

முடிவு அ: எழுகிறாள். வாசலில் தானிலோ. “ஏன்க்கா எழுந்தே?” “நல்லா இருந்துச்சுடா.” [அழகாக இருக்கிறது. அதனாலேயே சந்தேகம்.]

முடிவு ஆ: உட்கார்ந்தபடி நாற்பத்தாறு போடுகிறாள். மற்ற பீர்கள் எதன் சராசரியும் இருபதைத் தாண்டாததால் தானிலோ ஜெயிக்கிறான். திருவிழாவில் ஆட்கள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸை மதில்மேல் வைத்துவிட்டுப்... [இதை முடிக்க எனக்குக் கை வரவில்லை.]

ஆனால் அந்த நாற்பத்தாறு பொய்யுமில்லையே. அவள் ருசித்த பீர் நிஜமாகவே நன்றாக இருந்தது. அதை அவளையும் தானிலோவையும் தவிர வேறு யாராலும் குடிக்க முடியாது, அவ்வளவுதான்.

5

“மார்க்கைப் போடுங்க லொரெத்தா,” என்கிறார் பிளாவியோ. “அஞ்சாவதுல நுரை அடங்கிட்டிருக்கு.”

அவள் இடது உள்ளங்கை மேசையில் அழுந்துகிறது. எழுதும்போது தாளை அழுத்திப் பிடிப்பவளும் அப்படித்தான் செய்வாள். எழப் போகிறவளும் அப்படித்தான்.

நாற்காலிச் சத்தத்தை நான் எழுதப் போவதில்லை.

உங்களுக்குக் கேட்டதா?