தொம்மை அடித்த பந்து

தொம்மை மிராண்டா அடித்த பந்து இன்னும் கீழே இறங்கவில்லை. அடித்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது.

அது கடைசிப் பந்து. தூத்துக்குடி அணிக்கு ஐந்து ரன் தேவை. பந்து மேலே போனது, ஊரே அண்ணாந்தது. விழுந்தால்தானே சிக்ஸரா கேட்சா என்று தெரியும்? அதுவரை ஆட்டம் முடியாது. ஆட்டம் முடியாமல் பேட்ஸ்மேன் மைதானத்தை விட்டு நகரக் கூடாது. தொம்மை காலில் பேடும் தலையில் ஹெல்மெட்டுமாக அங்கேயே நிற்கிறார். ஊரோ அதை சிக்ஸர் என்றே முடிவுகட்டி, காலண்டரில் அவர் படத்தைப் போட்டுவிட்டது. ஊருக்கு எப்போதும் அவசரம்தான்.

வெளியாட்கள் எல்லைக்கோட்டைத் தாண்டக் கூடாது. அவர் மனைவி ரோஸம்மா தினமும் சாப்பாட்டைக் கோட்டோரம் வைத்துவிட்டுப் போவாள். மகள் அமலி முதலில் கைக்குழந்தையாக அங்கே வந்தாள், பிறகு பாவாடை சட்டையில், பிறகு சேலையில். தூரத்திலிருந்து கையசைப்பாள். இவர் பேட்டைத் தூக்கிக் காட்டுவார். அப்பாவும் மகளும் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

அன்று ரோஸம்மா சாப்பாடு கொண்டுவரவில்லை. கோட்டில் நின்று கத்தினாள்.

"ஏங்க, பிள்ளைக்கு ரொம்ப முடியல. இன்னைக்குத் தாண்டாதுன்னுட்டாரு டாக்டரு. நான் சர்ச்சுக்குப் போயி சாமியாரக் கூப்பிடப் போறேன்."

தொம்மை அம்பயர் இசக்கியப்பனிடம் ஓடினார்.

"அண்ணாச்சி, நான் போவணும்."

"பந்து வரலயே."

"பிள்ள சாவக் கெடக்கா."

"அப்ப இதுல ஒரு கையெழுத்துப் போடும்."

படிவத்தில் ஒரே வரிதான் இருந்தது. இந்தப் பந்தை நான் அடிக்கவில்லை.

"போட்டுட்டா?"

"அடிக்காத பந்துக்கு யாரு காத்துக் கெடப்பா? போயிட்டே இரும்."

தொம்மை கையெழுத்துப் போட்டார். ஆயுசில் உருப்படியாகச் செய்த காரியம் அந்த அடி ஒன்றுதான். அதுவும் போயிற்று. இசக்கியப்பன் தன் பாக்கெட்டிலிருந்து பந்தை எடுத்துத் துடைத்தார். சிவப்பு மங்கவேயில்லை. ஹெல்மெட், பேடு, பேட் எல்லாவற்றையும் அவரே வாங்கிக்கொண்டார். ஜனங்கள் கழுத்தைத் தடவிக்கொண்டே வீட்டுக்குக் கிளம்பினார்கள். ஒருவரும் தொம்மையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தா இருபத்திரண்டு கஜம் இருந்தது. ஓடி முடித்தால் மறுபடி இருபத்திரண்டு கஜம் நீண்டது. ஐந்தாவது முறை ஓடியபோது கதவு வந்தது.

அமலி சன்னலோரக் கட்டிலில் வானத்தைப் பார்த்துக் கிடந்தாள். ஹெல்மெட் இல்லாத அவர் முகத்தை அவள் நேரில் பார்த்ததேயில்லை. காலண்டரில் இருந்தவருக்கோ வயது இருபத்தெட்டு.

"யாரு தாத்தா நீங்க?"

தொம்மை சன்னலை ஒட்டிக் கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"உங்கப்பாவத் தேடுதியாம்மா?"

"அவரு எப்படி வருவாரு? பந்து இன்னும் மேலல்லா இருக்கு." மூச்சு வாங்கியது, ஆனாலும் சிரித்தாள். "எங்கப்பா அடிச்சது."

நான்தான் உங்கப்பா என்று சொல்லிவிடலாம்தான். இருபத்திரண்டு வருடமாக, அப்பா என்று அவள் கூப்பிடும் அந்த ஒரு வார்த்தைக்குத்தான் ஏங்கினார். ஆனால் சொன்னால் அவளுக்கு என்ன மிஞ்சும்?

"ஆமாம்மா," என்றார். "மேலதான் இருக்கு. இப்பப் பாத்துட்டுத்தான் வாறேன்."

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க தாத்தா. சன்னல மறைக்கீங்க."

தொம்மை தள்ளி உட்கார்ந்தார்.